அளவுகோலும் ஈதரும்

குளக்கட்டின் மீது நின்று இரணைமடுவை நோக்குவோர் கண்ணுக்கு முதலில் தோன்றுவது பரந்த நீர்ப்பரப்பு. குளத்தைக் காக்கும் பொறுப்புடையவர் கண்ணோ அப்பரப்பிற் செல்வதில்லை. நீருள் நட்டு நிற்கும் அடிக் கோடிட்ட அளவுகோலிலேயே அது முதலிற் பதியும். இன்று எத்தனை அடி, நேற்று எத்தனை அடி, இரவில் ஏறியதா இறங்கியதா என்பனவே அவர் கேட்கும் கேள்விகள். வன்னிப் பெருநிலத்து வேளாண்மையின் வரலாறு குளங்களின் வரலாறு என்று சொல்லுதல் வழக்கம். அக்குளங்களின் வரலாற்றிற்குள்ளே இன்னொரு வரலாறு ஒளிந்து கிடக்கின்றது. நீரின் அளவை அறிந்து, அவ்வறிவை உரிய இடத்துக்கு உரிய நேரத்திற் கொண்டு சேர்த்து, அதற்கேற்பக் கதவைத் திறந்து மூடும் கலையின் வரலாறே அது. இக்காலத்தில் அக்கலை உள்ளங்கை அளவான ஒரு சிறு பெட்டியில் வந்து நிற்கின்றது. ஈதர்நெற் மொடியூல் என்பது அதன் பெயர். அது எங்கிருந்து வந்தது, வன்னிக்கும் அதற்கும் என்ன உறவு என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பண்டைக் காலத்து ஈழத்துக் குளங்களிலே நீரைக் கட்டுப்படுத்துதற்கு வியக்கத்தக்க ஓர் அமைப்பு இருந்தது. அணையினுள்ளே சதுரமான கிணறொன்றைக் கல்லாற் கட்டி, குளத்து நீர் அதனூடாகப் புகுந்து வாய்க்காலிற் செல்லும்படி செய்திருந்தனர். சிங்களத்தில் இதனைப் 'பிசோகொட்டுவ' என்பர். நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1909 இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் நூலில் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஐரோப்பாவிற் பிற்காலத்தில் எழுந்த கதவுக் கோபுரங்களின் வேலையைக் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே இந்நாட்டுப் பொறியியலாளர் செய்து முடித்திருந்தனர் என்பது அவர் முடிபு. பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட வவுனிக்குளமும் அப்பழமையோடு சேர்த்தெண்ணப்படுவதே. காடு மூடிக் கிடந்த அக்குளம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் திருத்தப்பட்டு மக்கள் குடியேற்றப்பட்டனர்.

கதவு இருந்தது, அதனை இயக்கும் கையும் இருந்தது. ஆனால் கண்ணும் கையும் ஒரே மனிதனிடம் இருந்தன என்பதை மறத்தலாகாது. நீர் ஏறுவதைக் கண்டவனே ஓடிச் சென்று கதவைத் திறக்க வேண்டும். சிறு குளத்துக்கு இது போதும். ஊரார் எழுப்பும் கூக்குரலே அங்குச் செய்தித் தொடர்பு.

பெருங்குளம் வந்தபொழுது இம்முறை போதாதாயிற்று. கனகராயன் ஆறு வவுனியாப் பகுதியில் ஊற்றெடுத்து, கனகராயன்குளம், மாங்குளம் முதலிய இடங்களைக் கடந்து வடக்கே வந்து, கடைசியிற் சுண்டிக்குளக் கடனீரேரியிற் சேருகின்றது. இவ்வாற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. பின்னர் அணை பலமுறை உயர்த்தப்பட்டுக் குளத்தின் கொள்ளளவு பெருகி, 1970களின் வேலைகளுக்குப் பின் ஓர் இலட்சம் ஏக்கர் அடியைத் தாண்டியது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஏக்கர் அடி எனப்படும். குளத்துக்கு நீர் தரும் மழைப்பரப்போ ஏறத்தாழ 227 சதுர மைல்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் தகும். 227 சதுர மைல் என்பது 1,45,000 ஏக்கருக்குச் சற்று அதிகம். அவ்வளவு நிலத்திலும் ஓரங்குல மழை பெய்யின் விழும் நீர் 12,000 ஏக்கர் அடி. நிலம் வறண்டிருப்பின் அதிற் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும். ஏற்கெனவே ஊறி நிற்கும் மார்கழி மண்ணாயின் பெரும்பகுதியும் ஆற்றுக்கே வரும். ஓரடி மழை ஒரே முறையிற் கொட்டினால் விழும் நீர் குளத்தின் முழுக் கொள்ளளவையும் விஞ்சிவிடும். மாங்குளத்துக்கு அப்பாற் பெய்யும் மழையைக் குளக்கட்டில் நிற்பவன் காண மாட்டான். அவன் தலைக்கு மேல் விண்மீன்கள் தெரியக்கூடும். அதே வேளையில் வெள்ளம் காட்டினூடே அவனை நோக்கி வந்து கொண்டிருக்கக்கூடும். ஆகவே கண் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் இருக்க வேண்டிய காலம் வந்தது. இரண்டையும் இணைப்பதற்கு நரம்பொன்று வேண்டும்.

அளவுகோலின் அடிக்கணக்கு வெறும் பொறியியற் செய்தியன்று. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானிப்பது குளத்தில் எஞ்சியுள்ள நீரே. ஓரடி குறைந்தால் எத்தனையோ குடும்பங்களின் வயல் அவ்வாண்டு தரிசாகும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2010 அளவில் உருப்பெற்றபொழுது கிளிநொச்சி விவசாயிகள் கடுமையாக எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தார்க்குத் தாகம் உண்மை. கிளிநொச்சியார்க்கு வயல் உண்மை. "மிகுதியாக உள்ள நீரையே எடுப்போம்" என்றால், மிகுதி எது, அதை அளப்பவர் யார், அளந்ததை நம்புபவர் யார் என்ற கேள்விகளே பூசலின் உள்ளீடாக நின்றன. முடிவில் அத்திட்டம் மாற்றப்பட்டு, தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பெற்று 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. எவருக்கும் தெரியும்படி, எவராலும் மாற்ற முடியாதபடி நாள்தோறும் நீர்க்கணக்கு வெளியாகியிருப்பின் பூசல் எழாமலே இருந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேறு விதமாக எழுந்திருக்கும்.

இனி அளவு எங்ஙனம் தொலைவுக்குச் செல்லலாயிற்று என்பதைப் பார்ப்போம். இதற்குக் குளத்தை விட்டுத் தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டும். வன்னியிலே அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. 1950களிற் பரந்தனில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவின் உப்பை மூலப்பொருளாகக் கொண்டது. உப்பு நீரினூடாக மின்சாரத்தைச் செலுத்தி எரிசோடாவும் குளோரீனும் எடுத்தது. ஊர்க் குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரீன் அங்கிருந்து சென்றது. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலை நின்று போயிற்று. குளோரீன் கசிந்தால் உயிர் போகும் என்பது யாவரும் அறிந்ததே. அத்தகைய தொழிற்சாலையிலே ஒருவர் ஒவ்வொரு கலத்தின் அருகிலும் நின்று அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்துக் கொண்டிருக்க முடியாது. அளவு ஓரறைக்கு வந்து சேர வேண்டும்.

உலகெங்கும் இத்தகைய தொழிற்சாலைகள் முதலிற் காற்றைத் தூதனாக்கின. மெல்லிய குழாயில் அடைத்த காற்றின் அழுத்தம் 3 இறாத்தலாயின் அளவு சுழியம், 15 இறாத்தலாயின் அளவு முழுமை. பின்னர்க் காற்றுக்குப் பதிலாக மின்னோட்டம் வந்தது. 4 மில்லி அம்பியர் என்றாற் சுழியம். 20 மில்லி அம்பியர் என்றால் முழுமை. இம்முறை இன்றும் உலகின் தொழிற்சாலைகளில் வழக்கில் உள்ளது.

சுழியத்தை ஏன் 4 இல் தொடங்கினர் என்று கேட்கத் தோன்றும். இதிலேதான் நுட்பம் இருக்கின்றது. சுழிய அளவுக்குச் சுழிய மின்னோட்டம் என்று வைத்தால், குளத்தில் நீர் வற்றினாலும் முள் சுழியத்தில் நிற்கும்; கம்பி அறுந்தாலும் முள் சுழியத்தில் நிற்கும். "நீர் இல்லை" என்பதற்கும் "செய்தி இல்லை" என்பதற்கும் வேறுபாடு தெரியாது. 4 இல் தொடங்கினால், உண்மையில் நீர் வற்றியபொழுது 4 மில்லி அம்பியர் வந்துகொண்டே இருக்கும். கம்பி அறுந்தபொழுது மட்டும் முள் அதற்குக் கீழே விழும். இதனை உயிருள்ள சுழியம் என்பர். மௌனத்தைச் செய்தி என்று மயங்காதிருக்க மனிதர் கண்ட உபாயம் இது. கடிதம் வராத வீட்டில் "சுகமாய் இருப்பதால் எழுதவில்லை" என்று தேற்றிக்கொண்டு காலங்கழித்த வன்னித் தாய்மாருக்கு இந்நுட்பத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஓர் அளவுக்கு ஓரிணைக் கம்பி தேவைப்பட்டது. நூறு அளவுகளுக்கு நூறு இணை. தொழிற்சாலைகளிற் கம்பிக் கற்றைகள் மரத்தின் அடிபோற் பருத்துச் சென்றன. 1968 இல் அமெரிக்கப் பொறியியலாளர் டிக் மோர்லியும் அவர் தோழர்களும் தொழிற்சாலைக்கென்றே உறுதியாகச் செய்த சிறு கட்டுப்பாட்டுக் கணினியை உருவாக்க முனைந்தனர். மொடிக்கொன் என்னும் அவர்கள் நிறுவனம் 1979 இல் மொட்பஸ் என்ற உரையாடல் முறையை வெளியிட்டது. ஒரு கருவி கேட்க, மற்றொரு கருவி விடை சொல்லும் எளிய முறை அது. "ஏழாம் எண்ணுள்ளவனே, உன் மூன்றாம் பதிவில் என்ன உள்ளது?" என்று தலைமைக் கருவி கேட்கும், ஏழாம் எண்ணுள்ளவன் மட்டும் பதில் கூறுவான். மற்றையோர் வாய் திறவார். வகுப்பறை ஒழுங்கையே ஒத்த இம்முறையால் ஓரிணைக் கம்பியிற் பல கருவிகள் பேச முடிந்தது.

அதே காலத்தில் வேறோரிடத்தில் இதற்கு நேர்மாறான எண்ணமொன்று வளர்ந்தது. வானொலி நேயர்களுக்கு இது விருப்பமான பகுதியாதல் கூடும். ஏனெனில் அது பிறந்தது வானொலியில். பசுபிக் மாகடலின் ஹவாய்த் தீவுகளிலே, ஒரு தீவிலுள்ள கணினியை மற்றைத் தீவுகளிலிருந்து பயன்படுத்துவதற்கு நோர்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியர் 1971 இல் வானொலி அலைகளைப் பயன்படுத்தினார். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. எவரும் நினைத்தவுடன் பேசலாம். இருவர் ஒரே கணத்திற் பேசி இரண்டும் குழம்பினால், இருவரும் சற்றுப் பொறுத்து மீண்டும் பேச வேண்டும்; ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிட வேண்டும். தலைவனில்லாச் சபை எனலாம். கேட்கும்பொழுது குழப்பமாகத் தோன்றினும் அது நடந்தது.

இதனை ஆராய்ந்த ரொபர்ட் மெற்காவ் என்னும் இளைஞர் கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்து ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வெண்ணத்தைக் கம்பிக்கு மாற்றினார். பேசுவதற்கு முன் கம்பியைக் கவனித்தல் வேண்டும், பேசும்பொழுது மோதல் நேர்ந்தால் உடனே நிறுத்துதல் வேண்டும் என்னும் விதிகளைச் சேர்த்தார். 1973 மே 22 ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில் அதற்கு ஈதர்நெற் என்று பெயரிட்டார். ஒளி செல்லுதற்கு ஈதர் என்னும் கண்ணுக்குப் புலனாகா ஊடகம் ஒன்று எங்கும் நிறைந்திருக்கின்றது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியலார் நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்துப் போயிற்று. பெயர் மட்டும் கணினிக் கம்பியில் ஏறிக்கொண்டது. டேவிட் பொக்ஸ் என்பாருடன் சேர்ந்து அவர் அமைத்த முதலாவது வலை விநாடிக்கு ஏறத்தாழ 29 இலட்சம் துணுக்குகளைக் கொண்டு சென்றது. 1983 இல் அது பொது நியமமாயிற்று.

அலுவலகங்கள் அதனை விரும்பி ஏற்றன. தொழிற்சாலைகளோ தயங்கின. காரணம் வெளிப்படை. கடிதம் அச்சாவதற்குச் சற்றுத் தாமதித்தாற் கேடில்லை. கதவு மூடுவதற்குத் தாமதித்தால் கேடு உண்டு. "தற்செயலாகப் பொறுத்திருந்து பேசு" என்னும் விதியை நம்பி எந்தப் பொறியியலாளர் ஒரு கொதிகலத்தை ஒப்படைப்பார்?

அவர்கள் நாடிய மாற்று வழியை வடபகுதிப் புகையிரதப் பாதையை அறிந்தவர்கள் எளிதில் உணர்வர். 1905 இல் யாழ்ப்பாணத்தோடு தெற்கை இணைத்த அப்பாதை வன்னிக் காட்டினூடே ஒற்றை வழியாகவே சென்றது. ஒற்றை வழியில் இரு வண்டிகள் எதிரெதிரே வாராதிருக்க, 'ரப்லெற்' எனப்படும் வட்டத் தகட்டை நிலைய அதிபர் வண்டி ஓட்டுநரிடம் கொடுப்பார். தகடு கையில் உள்ள வண்டியே அடுத்த நிலையம்வரை செல்லலாம். ஒரு தகடு வெளியில் இருக்கும்வரை மற்றொன்றைப் பெட்டி வெளியே தராது. இதே எண்ணம் கணினி வலையிலும் எழுந்தது. அடையாளச் சீட்டொன்று கருவிக்குக் கருவி கைமாறும். அதனை வைத்திருப்பவன் மட்டும் பேசலாம். 1980களில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தன் தொழிற்சாலைகளுக்கு இம்முறையையே நியமமாக்க முயன்று பெரும் பொருளைச் செலவிட்டது. முறை சரியானதே, ஆனால் செலவு மிக்கது, சிக்கல் மிக்கது. அது நிலைக்கவில்லை.

நிலைத்தது ஈதர்நெற்றே. 1990 இல் அமெரிக்காவில், இந்திய வழிவந்த வினோத் பரத்வாஜ் என்பவர் தம் மனைவியின் பெயரால் தொடங்கிய கல்பனா என்னும் நிறுவனம் ஈதர்நெற் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எல்லோரும் ஒரே கம்பியிற் கூச்சலிடுவதற்குப் பதிலாக ஒவ்வொருவர்க்கும் தனிக் கம்பி. நடுவில் ஒரு பெட்டி யாருடைய செய்தி யாருக்கு என்று பார்த்து அனுப்பும். ஒற்றை வழிப் பாதை இரட்டை வழியாயிற்று, மோதல் ஒழிந்தது. தொழிற்சாலைகளின் அச்சமும் பெரும்பாலும் நீங்கியது. 1999 இல் பழைய மொட்பஸ் உரையாடலை ஈதர்நெற் மீது ஏற்றி எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டனர். வகுப்பறை ஒழுங்கும் தலைவனில்லாச் சபையும் ஒரே கம்பியில் இணைந்த விந்தை அது.

இந்த இணைப்பிலிருந்து தோன்றியதே நாம் தொடக்கத்திற் குறித்த மொடியூல். 35 மில்லிமீற்றர் அகலமான உலோகத் தண்டவாளத்தில் ஒரு கொளுவாற் பொருத்தக்கூடிய சிறு பெட்டி அது. ஒரு பக்கம் திருகாணிகளின் கீழ் உணரிகளின் கம்பிகள் வந்து சேரும். மறு பக்கம் ஈதர்நெற் கம்பி செல்லும். உள்ளே விசிறி இல்லை, சுழலும் பாகம் எதுவும் இல்லை. சுழல்வது எதுவாயினும் தூசியால் ஒருநாள் நிற்கும் என்பது அனுபவம். வீட்டுக் கணினி குளிரறையைத் தேடும். இத்தகைய பெட்டிகளிற் பலவோ உறைநிலைக்குக் கீழே 40 பாகையிலிருந்து 70 பாகைக்கு மேலும் இயங்கும்படி செய்யப்பட்டவை. வெயிலிற் காயும் இரும்புப் பெட்டிக்குள் சித்திரை மாதத்து வன்னி வெப்பம் அவற்றை வருத்தாது. 10 முதல் 30 வோல்ற் வரை எந்த மின்னழுத்தம் தரினும் ஏற்கும். ஆகவே சூரிய ஒளியில் ஏற்றிய மின்கலமும் போதும்.

அதனினும் முக்கியமானது மின்னலிலிருந்து காத்தல். ஐப்பசி, கார்த்திகை மாதத்து இடிமழையை அறியாத வன்னியார் இல்லை. வெளியே நீண்டு செல்லும் கம்பியில் மின்னலின் வீச்சு ஏறி வந்தால் கருவி கருகும். ஆதலின் உணரியின் பக்கத்தையும் கணினியின் பக்கத்தையும் மின்சாரம் தொடாதபடி பிரித்து, செய்தியை மட்டும் ஒளியாகவோ காந்தமாகவோ தாண்டச் செய்கின்றனர். ஆயிரக்கணக்கான வோல்ற் வந்தாலும் அப்பிரிவைக் கடப்பது அரிது. நேரே தாக்கும் இடிக்கு எதுவும் தாங்காது என்பது வேறு விடயம்.

அளவை எண்ணாக மாற்றும் திறனும் வியப்பிற்குரியதே. சாதாரணமாக இப்பெட்டிகள் முழு அளவை 65,536 படிகளாகப் பிரித்தறியும். 36 அடி ஆழத்தை அவ்வாறு பிரித்தால் ஒரு படி ஒரு மில்லிமீற்றரின் ஆறிலொரு பங்கு. கேட்பதற்குப் பெருமையாயினும் குளத்திற்கு இஃது வீண் பெருமை. வாடைக்காற்றில் எழும் சிற்றலையே பல அங்குலம் ஆடும். ஆதலின், அளவுகோலைச் சூழக் குழாயொன்றை நிறுத்தி அலையை அடக்கிய பழைய பொறியியலாளரின் உபாயம் இன்றும் தேவைப்படுகின்றது. கருவி நுட்பமாயிருப்பதாற் குளம் நுட்பமாகிவிடாது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். செப்புக் கம்பியில் ஈதர்நெற் 100 மீற்றருக்கு அப்பாற் செல்லாது என்பது நியமம். இரணைமடுவின் கட்டோ ஒரு மைலுக்கும் அதிக நீளம். ஆகவே ஒளியிழையோ வானொலியோ துணைக்கு வந்தே தீர வேண்டும்.

இவையெல்லாம் உலகில் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் வன்னியில் நடந்தது வேறு. ஈதர்நெற் சுவிட்ச் பிறந்த அதே 1990 ஆம் ஆண்டிலேயே வடபகுதிக்கான புகையிரதச் சேவை நின்றது. நாட்டின் மின்வலையிலிருந்தும் வன்னி துண்டிக்கப்பட்டது. தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன, மின்கம்பங்கள் மறைந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகம் கம்பிகளால் இணைந்துகொண்டிருந்தபொழுது இந்நிலம் கம்பிகளை இழந்துகொண்டிருந்தது. அக்காலத்திலும் குளத்து நீரை யாரோ நாள்தோறும் பார்த்தனர். யாரோ கதவைக் கையாற் சுழற்றித் திறந்தனர். அவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் காணப்படாமை வரலாற்றின் குறையேயன்றி அவர்களுடையதன்று.

போர் 2009 இல் முடிந்தபின் கம்பிகள் மீண்டன. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு உயரழுத்த மின்வழி வந்தது. 2013 செப்டெம்பர் 14 இல் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிவரை புகையிரதம் மீண்டும் ஓடியது. 2014 மார்ச்சில் பளையையும், ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையோடு சமிக்ஞை, தொலைத்தொடர்பு அமைப்புகளையும் புதிதாக அமைத்தது. பளைப் பகுதியிற் புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் தலா 10 மெகாவாற் ஆற்றலுள்ள காற்றாலைப் பண்ணைகள் எழுந்தன. காற்றின் வேகம், இறக்கையின் சாய்வு, எண்ணெயின் வெப்பம் ஆகியவற்றை விநாடிதோறும் அளந்து அனுப்பும் கருவிகள் இன்றி இக்காலக் காற்றாலை எதுவும் சுழலாது. பனைமரங்களுக்கு மேலே சுழலும் அவ்விறக்கைகளை வீதியிற் செல்வோர் காண்கின்றனர்; தூணின் அடியில் இரும்புப் பெட்டியினுள் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் கருவியை எவரும் காண்பதில்லை.

இரணைமடுவும் வேளாண்மை அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு, அணை உயர்த்தப்பட்டு 36 அடி நீர் கொள்ளத்தக்கதாயிற்று. அதன்பின் சிறிது காலத்திலேயே 2018 டிசெம்பர் 21 ஆம் நாள் இரவு வந்தது.

அவ்விரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெருமழை கொட்டியது. நிறைந்திருந்த குளத்துக்கு வெள்ளம் விரைந்து வந்தது. வான் கதவுகள் திறக்கப்பட்டன. விடிவதற்குள் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை முதலிய தாழ்நிலங்களிலே வீடுகளுட் புகுந்தது நீர். பல்லாயிரக்கணக்கான மக்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தனர். கால்நடைகளும் நெல்வயல்களும் அழிந்தன. போரிலே அனைத்தையும் இழந்து மீளக் குடியேறி ஒன்பதாண்டுகளுள் மீண்டும் இழந்தோர் பலர். கதவுகள் காலந்தாழ்த்தித் திறக்கப்பட்டனவா என்னும் கேள்வி எழுந்தது, விசாரணையும் நடந்தது.

அக்கேள்விக்கு ஈண்டு தீர்ப்புக் கூறுவது நோக்கமன்று. கதவருகே நின்றவர் நிலையை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். முன்கூட்டியே திறந்து, மழை நின்றுவிட்டால், சிறுபோகத்து நீரைக் கடலுக்கு விட்டவன் என்று விவசாயி ஏசுவான். பிந்தித் திறந்தால் தாழ்நிலத்தார் வீடு போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள காலம் சில மணித்தியாலங்களே. அந்தச் சில மணித்தியாலத்தை நீட்டித் தருவதற்கு வழி ஒன்றே: மேலே ஆற்றில் நீர் ஏறுவதைக் கீழே குளக்கட்டில் அப்பொழுதே அறிதல். கனகராயன் ஆற்றின் பாலமொன்றின் அடியில் நீர்மட்ட உணரியொன்று, மழைமானியொன்று, அவற்றின் கம்பிகளை ஏற்கும் ஒரு மொடியூல், சூரிய மின்கலம், செய்தியை அனுப்ப வானொலி. இவ்வளவே தேவை. உலக வங்கியின் உதவியுடன் 2008 இல் தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் நாட்டின் ஆறுகளில் இத்தகைய தானியங்கி அளவீட்டு நிலையங்களை அமைக்கும் வேலை மேற்கொள்ளப்பட்டது.

கருவி தானே கதவைத் திறக்கலாகாதா என்று கேட்போர் உளர். திறக்கலாம், மொடியூலின் வெளியீட்டுத் திருகாணியில் ஒரு மின்மோட்டரின் கம்பியை இணைத்தாற் போதும். ஆனால் பொறியியலாளர் அங்கே ஒரு காவலை வைத்துள்ளனர். தலைமைக் கணினியிடமிருந்து குறித்த விநாடிகளுக்குள் யாதொரு சொல்லும் வாராவிடில், அது இறந்துவிட்டது என்று கொண்டு, முன்பே தீர்மானித்த பாதுகாப்பு நிலைக்கு மொடியூல் தானே சென்றுவிடும். காவல் கடிகாரம் என்பர் அதனை. தொழிற்சாலையிற் பாதுகாப்பு நிலை எது என்பது எளிது: நிறுத்திவிடு, மூடிவிடு. குளத்தின் வான் கதவுக்குப் பாதுகாப்பு நிலை எது? திறந்திருப்பதா, மூடியிருப்பதா? திறந்தால் வீடுகளுக்கு ஆபத்து. மூடினால் அணைக்கே ஆபத்து. அணை உடைந்தால் வீடுகளும் மிஞ்சா. இதனைக் கருவி செய்தவன் தீர்மானிக்க முடியாது. நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்கார அமைப்பினரும் தாழ்நிலத்து ஊரவரும் மழை வருவதற்கு முன் ஒரு மேசையில் அமர்ந்து முடிவு செய்து, அதன்பின் கருவிக்குச் சொல்ல வேண்டிய சொல் அது.

உணரி பொருத்தப்பட்ட குளங்களிலும் பழைய அளவுகோலை எவரும் பிடுங்கி எறியவில்லை. உணரியின் எண் சரியோ பிழையோ என்று ஐயம் வரும்பொழுது ஒப்பிட்டுப் பார்ப்பது அதனோடுதான். பாசி படர்ந்து கோடு மறைந்தால் யாரேனும் இறங்கித் துடைக்க வேண்டும். வண்ணம் மங்கினால் அடுத்த கோடையில் நீர் வற்றும்பொழுது மீண்டும் தீட்ட வேண்டும்.